எண்ணிலிருந்து சிப் முகவரிக்கு: வழி இருக்கிறது, வாசல்தான் பூட்டியிருக்கிறது

கேள்வி இதுதான். ஒரு நிறுவனத்துக்குச் சில கிளைகள், தினமும் பேசவேண்டிய கூட்டாளி நிறுவனங்கள் ஏழெட்டு. எல்லாரும் இணையவழித் தொலைபேசிக்கு மாறிவிட்டார்கள், ஆனால் ஆளுக்கொரு சேவை நிறுவனம். கூட்டாளியின் எண்ணை அழுத்தினால் அழைப்பு இணையத்திலிருந்து இறங்கி, பொதுத் தொலைபேசி வலையமைப்பைச் சுற்றிக்கொண்டு, மறுபடி இணையத்தில் ஏறித்தான் அவரிடம் போய்ச் சேர்கிறது. அதற்கு நிமிடக் கட்டணம் வேறு. ‘இந்த எண்ணுக்கு இந்த இணைய முகவரி’ என்று எல்லாருக்கும் பொதுவான ஒரு அட்டவணை கிடையாதா? ஈ-நம் என்று ஒன்று உண்டாமே, அதை நம்பி இறங்கலாமா?

நீங்கள் கேட்கும் அட்டவணைக்கான ஏற்பாடுதான் ஈ-நம், அது 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. நல்ல ஏற்பாடு, இன்றும் வேலை செய்யக்கூடியது. உங்கள் கூட்டாளிகளின் எண்கள் அதில் இருக்குமா என்று கேட்டால், அநேகமாக இருக்காது. ஏன் என்று தெரிந்துகொண்டால் நீங்கள் செய்யவேண்டியது தானாகவே விளங்கும்.

முதலில் அது வேலை செய்யும் விதம். உலகில் எந்தத் தொலைபேசி எண்ணையும் நாட்டுக் குறியீட்டோடு சேர்த்து அதிகபட்சம் 15 இலக்கங்களில் எழுதலாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் இ.164 பரிந்துரை அப்படித்தான் வகுத்திருக்கிறது. +44 20 7946 0123 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், நாடகங்களிலும் திரைப்படங்களிலும் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கிவைத்திருக்கும் வரிசையில் வருவது இது, அதனால் யார் வீட்டிலும் மணி அடிக்காது. இதன் இலக்கங்களைத் தலைகீழாக்கி, ஒவ்வொன்றுக்கும் நடுவே புள்ளி வைத்து, கடைசியில் இ164.ஆர்பா என்று சேர்த்தால் 3.2.1.0.6.4.9.7.0.2.4.4.இ164.ஆர்பா என்று ஒரு டொமைன் பெயர் கிடைக்கிறது. அந்தப் பெயரை டிஎன்எஸ்ஸிடம் கேட்கவேண்டும். இணையதளப் பெயரைக் கேட்டால் ஐபி முகவரி தரும் அதே டிஎன்எஸ்தான்.

தலைகீழாக்குவது விளையாட்டுக்கு இல்லை. தொலைபேசி எண்ணில் பெரிய அதிகாரம் இடப்பக்கம்: முதலில் நாடு, பிறகு பகுதி, பிறகு ஆள். டொமைன் பெயரில் அது வலப்பக்கம். புரட்டிப் போட்டால் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். ஒவ்வோர் இலக்கமும் தனித்தனிக் கிளையாக இருப்பதால் எந்த இடத்திலும் அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்கலாம். நாட்டுக் குறியீடு ஓரிலக்கமானாலும் மூன்று இலக்கமானாலும் சிக்கல் இல்லை. நூறு எண்கள் கொண்ட தொகுதியை வைத்திருக்கும் நிறுவனம் அந்த நூறையும் தன் சர்வரிலேயே பராமரித்துக்கொள்ளலாம். இந்த வடிவமைப்பின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

டிஎன்எஸ் திருப்பித் தருவது என்ஏபிடிஆர் என்ற வகைப் பதிவு. அதில் வரிசை எண், முன்னுரிமை எண், ‘இது சிப் சேவை’ என்று சொல்லும் குறி, கடைசியாக ஒரு மாற்று விதி இருக்கும். சிப் என்பது இணையவழி அழைப்புகளைத் தொடங்கவும் முடிக்கவும் பயன்படும் நெறிமுறை. விதி பெரும்பாலும் !^.*$!சிப்:வரவேற்பு@எக்ஸாம்பிள்.காம்! என்ற வடிவில் வரும். முழு எண்ணையும் எடுத்துவிட்டு இந்த முகவரியை வை என்பது பொருள். ஒரே எண்ணுக்குப் பல பதிவுகள் வைக்கலாம்: முதலில் சிப் முகவரி, அது எடுபடாவிட்டால் இன்னொரு எண், மூன்றாவதாக மின்னஞ்சல். சிப் முகவரி கையில் வந்த பிறகு நடப்பது மின்னஞ்சலை ஒத்தது. எக்ஸாம்பிள்.காம் டொமைனின் சிப் சர்வர் எங்கே என்று எஸ்ஆர்வி பதிவைப் பார்த்து, அங்கே அழைப்பை அனுப்பவேண்டியதுதான்.

இதை முதலில் எழுதிவைத்தது 2000 செப்டம்பரில் வந்த ஆர்எஃப்சி 2916 (ஆர்எஃப்சி என்பவை இணையத் தரங்களுக்கான ஆவணங்கள்), பாட்ரிக் ஃபால்ட்ஸ்ட்ராம் எழுதியது. 2004-இல் ஆர்எஃப்சி 3761 அதன் இடத்துக்கு வந்தது. இப்போது செல்லுபடியாவது 2011-இல் வந்த ஆர்எஃப்சி 6116. இ164.ஆர்பாவை நிர்வகிப்பது ஐரோப்பியப் பகுதியின் இணைய முகவரிப் பதிவகமான ரைப் என்சிசி. ஒரு நாட்டுக் குறியீட்டை யாரிடமாவது ஒப்படைக்கவேண்டுமானால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வழியாக அந்த நாட்டு அரசுத் தரப்பின் சம்மதம் வேண்டும்.

முதல் முடிச்சு இங்கேதான் விழுந்தது. டொமைன் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம், தொலைபேசி எண் அப்படி இல்லை. எண்கள் அரசு ஒதுக்குபவை, நிறுவனங்கள் பெற்றுப் பகிர்பவை, வாடிக்கையாளர் கையில் உபயோக உரிமை மட்டும் இருப்பவை. ஒவ்வொரு நாடும் தனித்தனியாக முடிவெடுக்கவேண்டியிருந்தது. பல நாடுகள் சோதனை ஓட்டத்தோடு நிறுத்திக்கொண்டன. +1 குறியீட்டை அமெரிக்கா, கனடா, கரீபியன் நாடுகள் என்று 20-க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப் பகுதிகளும் பகிர்ந்துகொள்கின்றன. அங்கே ஒருவர் தனியாக முடிவெடுக்க வழியே இல்லை. ஆஸ்திரியா மட்டும் 2004 டிசம்பரில் வணிகரீதியாகவே தொடங்கியது, +43 780 என்று இதற்கென்றே ஓர் எண் வரிசையையும் ஒதுக்கியது. ஜெர்மனி 2006-இல் வந்தது. அவ்வளவு முயன்ற நாடுகளிலும் சாதாரண மக்களின் எண்கள் இந்தப் பெயர் மரத்தில் (கிளை கிளையாகப் பிரியும் அட்டவணையில்) ஏறவில்லை.

இரண்டாவது காரணம் பணம். உங்கள் அழைப்பு பொது வலையமைப்பு வழியாக ஒரு நிறுவனத்துக்குள் நுழையும்போது, உள்ளே கொண்டுசேர்த்ததற்காக அந்த நிறுவனத்துக்குப் பல நாடுகளில் ஒரு தொகை கிடைக்கிறது. அதே அழைப்பு ஈ-நம் பார்த்து இணையம் வழியாக நேரே வந்தால் ஒன்றும் கிடைக்காது. தன் வருமானத்தைக் குறைக்கும் அட்டவணையைத் தானே நிரப்பு என்றால் எந்த நிறுவனம் நிரப்பும்? பொது ஈ-நம்மைப் பற்றிப் பேசும் பலர் இதைத் தொழில்நுட்பத் தோல்வியாகவே எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழில்நுட்பம் சொன்னதைச் செய்தது, நிரப்பவேண்டியவர்கள் நிரப்பவில்லை.

மூன்றாவதுதான் உண்மையிலேயே கடினமானது. முகவரி தெரிந்தால் மட்டும் போதுமா? மின்னஞ்சலில் முகவரி தெரிந்த எவரும் கடிதம் அனுப்பலாம், அதற்கு நாம் கொடுக்கும் விலை குப்பைக் கடிதங்கள். தொலைபேசியில் குப்பை வந்தால் நடு இரவில் மணி அடிக்கும். சிப்பில் வரும் குப்பை அழைப்புகளைப் பற்றி ஆர்எஃப்சி 5039 என்று 2008-இல் ஓர் ஆவணமே வந்தது. திறந்து வைத்த சிப் சர்வரை நிமிடத்துக்கு நிமிடம் தட்டிப்பார்க்கும் நிரல்கள் இணையமெங்கும் உலவுகின்றன. கடவுச்சொல் பலவீனமாக இருந்தால் உங்கள் இணைப்பைப் பிடித்து விலையுயர்ந்த வெளிநாட்டு எண்களுக்கு அழைத்துத் தள்ளிவிடுவார்கள். ஆகவே சேவை நிறுவனங்கள் வாசலில் எஸ்பிசி என்ற காவல் சாதனத்தை நிறுத்தி, ஒப்பந்தம் உள்ளவர்களின் ஐபி முகவரியிலிருந்து வரும் அழைப்பை மட்டும் உள்ளே விடுகின்றன. கூட்டாளியின் சிப் முகவரியை நீங்கள் கண்டுபிடித்தாலும் அவருடைய சேவை நிறுவனத்தின் வாசல் உங்களுக்குத் திறக்காது. முகவரிப் புத்தகம் ஒன்று, அனுமதிச் சீட்டு வேறு.

இதோடு சேர்ந்தது எண்ணின் உரிமையை யார் மெய்ப்பிப்பது என்பது. ஒரு வங்கியின் எண்ணுக்கு எதிரே என் சர்வர் முகவரியை நான் எழுதிவைத்துவிட்டால் என்ன ஆகும்? அழைப்பெல்லாம் என்னிடம் வரும். இன்று என்னிடம் இருக்கும் எண் அடுத்த வருடம் இன்னொருவருக்குப் போகலாம். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்ளும் வசதி வந்த பிறகு, முதல் சில இலக்கங்களைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்வதும் முடியாமல் போயிற்று. ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியாகப் பார்க்கவேண்டிய நிலை.

இந்த உரிமைச் சிக்கலுக்கு நான் பார்த்ததிலேயே மிக நயமான தீர்வு விப்பர். சிஸ்கோவில் இருந்த ஜோனத்தன் ரோசன்பெர்க், கல்லன் ஜென்னிங்ஸ் முதலியோர் யோசித்தது. முதல் அழைப்பு பொது வலையமைப்பு வழியாகவே போகட்டும். அழைப்பு முடிந்ததும், அது எந்த நொடியில் தொடங்கியது, எந்த நொடியில் முடிந்தது என்பது இரு முனைகளுக்கும் மட்டும் தெரிந்த இரகசியம் ஆகிவிடுகிறது. இணையத்தில் ‘அந்த எண் என்னுடையது’ என்று ஒருவர் வந்தால், அந்த அழைப்பின் விவரத்தைச் சொல்லச் சொல்லலாம். சொல்லிவிட்டால் அடுத்த அழைப்பிலிருந்து நேர்வழி. மைய அட்டவணையும் வேண்டாம், அரசின் சம்மதமும் வேண்டாம். இணையத் தரங்களை வகுக்கும் அமைப்பான ஐஇடிஎஃப்பில் இதற்கென்று ஒரு குழுவும் அமைந்தது, ஆனால் பரவலான தரமாக அது வளரவில்லை. எனக்கு அதில் மனக்குறைதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு ஈ-நம் செத்துவிட்டது என்று நினைத்துவிடவேண்டாம். நிறுவனங்களின் மதிலுக்கு உள்ளே அது நன்றாகவே வாழ்கிறது. 4ஜி நெட்வொர்க்கில் வோல்டிஇ என்று போகும் குரல் அழைப்பின் அடித்தளம் ஐஎம்எஸ் என்ற, சிப்பில் இயங்கும் கட்டமைப்பு. அதில் நீங்கள் அழுத்திய எண்ணைச் சிப் முகவரியாக மாற்ற, அழைப்பவர் பக்கத்து சர்வர் ஈ-நம் கேள்விதான் கேட்கிறது. பதில் வந்தால் நேரே போகும், வராவிட்டால் பொது வலையமைப்புக்குத் திருப்பிவிடும். கேட்பது மட்டும் இ164.ஆர்பாவை இல்லை, நிறுவனங்களுக்குள் மட்டும் தெரியும் தனி மரத்தை. மொபைல் நிறுவனங்களுக்கு இடையேயான ஐபிஎக்ஸ் வலையமைப்பில் இ164ஈநம்.நெட் என்று ஒரு வேர் இருக்கிறது, பொது இணையத்திலிருந்து அதை எட்ட முடியாது. அங்கே ஒப்பந்தமும் உண்டு, கணக்கும் உண்டு, யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதும் தெளிவு. அதனால்தான் அங்கே அட்டவணை நிரம்பியது.

வெளியே இருப்பவர்களும் சும்மா இருக்கவில்லை. ஐரோப்பிய ஆய்வு வலையமைப்புகள் என்ஆர்ஈநம்.நெட் என்று பல்கலைக்கழகங்களுக்காக ஒரு தனி மரம் நட்டன. ஆஸ்டரிஸ்க் என்ற திறந்தமூலத் தொலைபேசி மென்பொருளை உருவாக்கிய மார்க் ஸ்பென்சர் டண்டி என்ற முறையை வகுத்தார். அதில் மையமே கிடையாது, நம்பும் அண்டை சர்வரைக் கேட்டு, அது தன் அண்டையைக் கேட்டு, எண் இருக்கும் இடம் தெரியவரும்.

இனி நீங்கள் செய்யவேண்டியது. உங்களுக்குத் தெரிந்த, நம்பும், பெயர் சொல்லக்கூடிய கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர்தான். எல்லா நாட்டு எண்களும் உங்களுக்குத் தேவையில்லை. ஆகவே உங்களுக்குள் ஒரு தனி ஈ-நம் மரம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டொமைனுக்குக் கீழே ஒரு பெயரை வேராக வைத்து, இ164.ஆர்பா இருக்கவேண்டிய இடத்தில் அதைப் போடுங்கள். ஆஸ்டரிஸ்க்கில் ஈநம்லுக்கப் என்ற ஃபங்ஷன் எந்த வேரில் தேடவேண்டும் என்பதையும் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதுபோன்ற மென்பொருள்களான ஃப்ரீஸ்விட்ச், கமாலியோ இரண்டிலும் இதற்கான மாட்யூல் உண்டு.

எல்லார் எண்களையும் நீங்களே தட்டச்சு செய்து ஒரே கோப்பில் வைக்காதீர்கள். இது நான் பட்டுத் தெரிந்தது. நான் பராமரித்த ஒரு மரத்தில் எல்லாப் பதிவுகளும் என் கையில்தான் இருந்தன. ஒரு கூட்டாளி அலுவலகம் தன் எண்களில் பாதியைக் கைவிட்டதை எனக்குச் சொல்ல மறந்துவிட்டது. அந்த எண்கள் வேறொருவருக்குப் போன பிறகும், எங்கள் பக்கத்திலிருந்து போன அழைப்புகள் பல நாட்கள் பழைய அலுவலகத்திலேயே மணி அடித்துக்கொண்டிருந்தன. வெளியிலிருந்து அழைத்தவர்களுக்கு எல்லாம் சரியாக இருந்ததால் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று. ஒவ்வொரு கூட்டாளியின் எண் தொகுதியையும் ‘இந்தக் கிளைக்கு இந்த சர்வர் பொறுப்பு’ என்று சொல்லும் என்எஸ் பதிவால் அவர் சர்வருக்கே ஒப்படைத்துவிடுங்கள். அவர் எண், அவர் பொறுப்பு. மற்ற சர்வர்கள் பதிவை நினைவில் வைத்திருக்கும் ஆயுளையும் குறைவாக வையுங்கள், ஒரு மணி நேரம் போதும்.

தேடுவதற்கு முன் எண்ணை முழு இ.164 வடிவத்துக்குக் கொண்டுவருவது அவசியம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். உள்நாட்டு அழைப்பின் முன்னால் வரும் 0-ஐ எடுத்துவிட்டு நாட்டுக் குறியீட்டைச் சேர் என்று பொதுவாக ஒரு விதி எழுதிவிடுவார்கள். இத்தாலியின் தரைவழி எண்களில் அந்த 0 எண்ணின் பகுதியாகவே தங்கும், ரோம் நகரம் +39 06 என்றுதான் தொடங்கும். எடுத்துவிட்டால் எண் தவறு. அவசர உதவி எண்களும் குறுகிய சேவை எண்களும் இந்தத் தேடலுக்குள் எந்தக் காரணத்துக்காகவும் நுழையக்கூடாது. அவற்றுக்கு டயல்பிளானில் (எந்த எண் எந்த வழியில் போகவேண்டும் என்ற விதிப்பட்டியலில்) முதலிலேயே தனிவழி போட்டு, பொது வலையமைப்புக்குப் போகும் உங்கள் வழக்கமான இணைப்பான ட்ரங்குக்கு நேராக அனுப்புங்கள். இதில் எந்த விட்டுக்கொடுத்தலும் வேண்டாம்.

அடுத்தது தோல்வியைக் கையாளும் விதம். டிஎன்எஸ் பதில் தாமதமானால் அழைத்தவர் காதில் வெறும் அமைதிதான் கேட்கும். ஒன்றிரண்டு நொடிக்குள் பதில் வராவிட்டால் வழக்கமான ட்ரங்குக்குப் போகச் சொல்லுங்கள். அதைவிட மோசமானது பதில் வந்து, அந்தச் சிப் சர்வர் உறங்கிக்கொண்டிருப்பது. யுடிபி என்ற, சேர்ந்ததா என்று உறுதி சொல்லாத அனுப்பும் முறையில் சிப் அழைப்பு பதிலின்றிக் கைவிடப்பட, தரத்தின் இயல்பான கணக்குப்படி 32 நொடி ஆகும். அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்கமாட்டார்கள். அந்த நேரத்தை நாலைந்து நொடியாகக் குறையுங்கள், கூட்டாளி சர்வர்களை ஆப்ஷன்ஸ் செய்தியால் அவ்வப்போது தட்டி, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள். சிப் பதில் குறியீடுகளில் 408 (நேரம் கடந்தது), 503 (சேவை இல்லை), 404 (எண் இல்லை) வந்தால் ட்ரங்குக்குத் திருப்பலாம். 486, அதாவது மறுமுனை வேறு அழைப்பில் இருக்கிறது என்று வந்தால் திருப்பக்கூடாது. 603, அதாவது அவர் வேண்டாமென்று மறுத்துவிட்டார் என்று வந்தாலும் அப்படியே. இல்லாவிட்டால் மறுத்தவருக்கே இன்னொரு வழியாக மறுபடி மணி அடிக்கும்.

வாசலில் இரு பக்கமும் சான்றிதழ் காட்டும் டிஎல்எஸ் என்ற மறையீட்டு இணைப்பை வையுங்கள், 5061 போர்ட்டில். அது முடியாத கூட்டாளிக்கு ஐபி முகவரிப் பட்டியல். வரும் அழைப்பின் அழைப்பவர் எண் அந்தக் கூட்டாளியின் தொகுதிக்குள் இருக்கிறதா என்றும் சரிபாருங்கள், அது ஒரு வரி விதிதான். தனி மரத்தை முடிந்தால் விபிஎன்னுக்குள் வையுங்கள். தொலைபேசி எண்களின் மொத்த வெளி மிகச் சிறியது, ஒன்றுவிடாமல் கேட்டுப்பார்க்க ஒரு நிரலுக்குச் சிரமமே இல்லை. ஃபேஸ்புக்கின் தொடர்பு தேடும் வசதியில் எண்களை அடுக்கடுக்காகக் கொடுத்துத்தான் 2019-இல் சுரண்டினார்கள். 53.3 கோடிப் பேரின் விவரம் 2021-இல் பொதுவெளிக்கு வந்தது. எண்ணைக் கொடுத்தால் ஆளைச் சொல்லும் எந்த அட்டவணைக்கும் இந்த ஆபத்து உண்டு.

பலன் என்ன என்று கேட்டால், கட்டணத்தைவிடக் குரலைத்தான் நான் முதலில் சொல்வேன். பொது வலையமைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியை மட்டுமே கடத்துகிறது. ஸ, ஃப போன்ற ஒலிகள் அதில் மழுங்கிவிடும். நேர்வழியில் ஜி.722 என்ற குரல் குறியாக்க முறையை வைத்தாலே 7,000 ஹெர்ட்ஸ் வரை போகும், ஓபஸ் வைத்தால் அதற்கும் மேல். முதல் நாளே உங்கள் ஆட்கள் வித்தியாசத்தைச் சொல்வார்கள்.

போலி அழைப்பு எண்களைத் தடுக்க ஸ்டிர்-ஷேக்கன் என்ற ஏற்பாடு வந்துவிட்டதே, அது இதைத் தீர்க்காதா என்று கூட்டாளிகளில் யாராவது கேட்பார்கள். 2018-இல் ஆர்எஃப்சி 8224, 8225, 8226 என்று வந்த அது அழைப்பவர் எண்ணுக்குக் கையொப்பம் இடுவது, போகவேண்டிய இடத்தைச் சொல்வது இல்லை. ஆனால் எண்ணின்மேல் உரிமையை மறையீட்டுச் சான்றிதழால் காட்டும் பழக்கத்தை அது நிறுவனங்களுக்குக் கொண்டுவந்திருக்கிறது. ஈ-நம்முக்கு 2000-இல் இல்லாமல் போன துண்டு அதுதான். செய்திச் செயலிகள் ஒன்றோடொன்று பேசவேண்டும் என்ற ஐரோப்பியச் சட்டத்துக்குப் பிறகு, எந்த எண் எந்தச் செயலியில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பழைய கேள்வியை ஐஇடிஎஃப்பின் மிமி குழு மறுபடி கையில் எடுத்திருக்கிறது. நான் அதை ஆவலோடு கவனித்து வருகிறேன்.

பொது மரத்திலும் உங்கள் எண்களைப் போடலாமா என்பது மட்டும் பாக்கி. உங்கள் நாட்டுக் குறியீட்டைத் தலைகீழாக்கி, இ164.ஆர்பா சேர்த்து, டிஎன்எஸ்ஸைக் கேட்கும் டிக் கட்டளையால் என்எஸ் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அங்கே பதிவு ஏற்கும் நிறுவனத்திடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருக்காமல் உங்கள் டொமைனுக்கு எஸ்ஆர்வி பதிவுகளை இன்றே போட்டுவிட்டு, மின்னஞ்சலின் அடியில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் சிப் முகவரியையும் எழுதத் தொடங்குங்கள். புதிய கூட்டாளி ஒருவர் அதைப் பார்த்து நேர்வழி கேட்டு வரும்போது, அவர் தொகுதிக்கு ஒரு என்எஸ் வரி, அவர் சர்வருக்கு ஒரு சான்றிதழ், அரை மணி நேரச் சோதனை, அவ்வளவுதான் வேலை.